ஹெட்ஸ்டாக் வடிவம் யாருக்குச் சொந்தம்? ஜி கம்பி ஏன் சுருதியில் நிற்பதில்லை?

பதிவு 1 | ஆறாங்கம்பி

வணக்கம். எனக்கு இரண்டு கேள்விகள். இரண்டும் கித்தாரின் தலையை, அதாவது ஹெட்ஸ்டாக்கைப் பற்றியவைதான்.

கம்பியை முறுக்கும் சாவிகளைப் பக்கத்துக்கு மூன்றாக வைத்த ஹெட்ஸ்டாக் கொண்ட மின் கித்தார் ஒன்று என்னிடம் இருக்கிறது. தயாரித்தவர்களின் பெயர் இங்கே வேண்டாம். ஐந்து கம்பிகள் சொன்ன சுருதியில் நிற்கின்றன. ஜி கம்பியை மட்டும் ஒரு முறை வளைத்து வாசித்தால் போதும், இறங்கிவிடுகிறது. சரிசெய்யச் சாவியைத் திருகினால் முதலில் எதுவும் நடப்பதில்லை. பிறகு நட் (கழுத்தின் உச்சியில் கம்பிகள் உட்காரும் பள்ளமிட்ட சிறு கட்டை) பக்கமிருந்து "டிங்" என்று ஒரு சத்தம் வருகிறது, சுருதி ஒரேயடியாகத் தாண்டிப் போகிறது. ஆறு சாவிகளையும் மாற்றிவிட்டேன். பணம் போனதுதான் மிச்சம்.

அடுத்தது, நானே ஒரு கித்தார் செய்யத் தொடங்கியிருக்கிறேன். நன்றாக வந்தால் இரண்டு மூன்று செய்து விற்கவும் எண்ணம். ஹெட்ஸ்டாக்கின் மேல்விளிம்பை, விரித்து வைத்த புத்தகம் போல, அமெரிக்கக் கித்தார் நிறுவனமான கிப்சனின் பாணியில் வெட்ட ஆசை. "அதை மட்டும் செய்யாதே, வழக்கு வரும்" என்கிறார் நண்பர். உடலின் வடிவத்தை ஊரெல்லாம் நகலெடுக்கிறார்களே, தலைக்கு மட்டும் ஏன் இத்தனை கெடுபிடி?

பதிவு 2 | பழுதுமேசை

தம்பி, சாவியில் குற்றமில்லை. அந்த "டிங்" சத்தமே நோயைச் சொல்லிவிடுகிறது. கம்பி நட்டின் பள்ளத்தில் சிக்கிக்கொள்கிறது. நீங்கள் சாவியைத் திருகும்போது நட்டுக்கும் சாவிக்கும் நடுவிலுள்ள சிறு துண்டில் மட்டும் இழுவிசை ஏறிக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் பள்ளம் பிடியை விட, கம்பி ஒரே தாவலாக நகர்ந்துவிடுகிறது. வளைத்து வாசிக்கும்போது அந்தத் துண்டிலிருந்து இம்மி கம்பி வாசிக்கும் பக்கம் இழுபட்டு வந்து, திரும்பிப் போக முடியாமல் அங்கேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் சுருதி இறங்குகிறது.

ஏன் ஜி மட்டும்? மூன்றுக்கு மூன்று அமைப்பில் ஓரக் கம்பிகள் பக்கத்துச் சாவிக்குப் போகின்றன. நடுவில் இருக்கும் டியும் ஜியும்தான் கடைசிச் சாவி வரை போயாக வேண்டும். ஹெட்ஸ்டாக் மேலே போகப் போக அகன்றால் அந்தச் சாவிகள் இன்னும் வெளியே தள்ளி நிற்கும். ஆகவே நட்டைத் தாண்டியதும் கம்பி கீழ்நோக்கி ஒரு திருப்பம், பக்கவாட்டில் ஒரு திருப்பம் என்று இரண்டு திசையில் மடங்குகிறது. கிப்சனின் வழக்கமான ஹெட்ஸ்டாக் 17 பாகை பின்னால் சாய்ந்தது. கோணம் கூடக் கூட உராய்வு கூட்டல் கணக்கில் அல்ல, பெருக்கல் கணக்கில் ஏறும். கட்டுத்தறியில் கயிற்றை ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றினால் திமிறும் மாட்டையும் ஒரு கையால் நிறுத்திவிடலாம் அல்லவா, அதே கணக்குதான்.

ஜிக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. மின் கித்தாரில் அது பெரும்பாலும் சுற்றில்லாத வெறுங்கம்பி, 0.017 அங்குலம். எஃகு முழுதும் ஒரே திண்டாக இருப்பதால் நீளம் துளி மாறினாலும் சுருதி மற்றக் கம்பிகளைவிட அதிகமாக விலகும். டி கம்பியும் அதே அளவு மடங்குகிறது, ஆனால் அதன் உள்கம்பி மெல்லியது, அதனால் தப்பித்துக்கொள்கிறது.

நேற்று இதே நோயோடு ஒரு கித்தார் என் மேசைக்கு வந்தது. ஜி கம்பியைத் தளர்த்தி ஓரமாக ஒதுக்கி, விளக்கைத் தாழ்த்திப் பள்ளத்தைப் பார்த்தேன். எலும்பு நட். பள்ளத்தின் சாவிப்பக்க வாயில், பி கம்பியை நோக்கிய சுவரில் ஒரு சிறு வெட்டு, அதன் விளிம்பில் சாம்பல் நிறத்தில் உலோகப் பொடி. ஆண்டுக்கணக்கில் கம்பி அந்த ஒரே மூலையை அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அரத்தைச் சாவியின் திசைக்குச் சாய்த்து அந்த மூலையை வளைவாக்கினேன். பிறகு பழைய கம்பித் துண்டில் 2000 எண் உப்புத்தாளைச் சுற்றி உள்ளே ஓட்டி மெருகேற்றினேன். கால்மணி நேர வேலைதான். ஆனால் ஃப்ரெட் பக்கத்து விளிம்பை மட்டும் தொட்டுவிடாதீர்கள். கம்பியின் நீளம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அது சரிந்தால் நட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

பதிவு 3 | வயலின்வழி

வயலினிலும் இதே தொல்லை இருக்கிறது. பிரடையைத் திருகும்போது கம்பி நட்டில் சிக்கி அறுந்துவிடும். கம்பி மாற்றும்போதெல்லாம் மென்மையான பென்சில் கரியைப் பள்ளத்தில் தேய்க்க வேண்டும் என்று என் ஆசிரியர் முதல் ஆண்டே சொல்லிக்கொடுத்தார். அரத்தைக் கையில் எடுக்கும் முன் அதையும் ஒரு முறை செய்து பாருங்கள்.

பதிவு 4 | சட்டவாசகன்

இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன்.

வடிவமைப்புக்கான காப்புரிமைக்கு ஆயுள் உண்டு. அமெரிக்காவில் இன்று 15 ஆண்டு. இந்தியாவில் வடிவமைப்புச் சட்டப்படி 10 ஆண்டு, கேட்டால் இன்னும் 5. வர்த்தக முத்திரை அப்படியல்ல. பயன்படுத்திப் புதுப்பித்துக்கொண்டே இருந்தால் அதற்கு முடிவே இல்லை. ஆகவே 1950களில் பிறந்த கித்தார் வடிவங்களுக்காக இன்று சண்டை போடுகிறவர்கள் எல்லாரும் முத்திரைச் சட்டத்தைத்தான் கையில் எடுக்கிறார்கள். அந்தச் சட்டம் கேட்பது ஒன்றே ஒன்று: இந்த வடிவத்தைப் பார்த்ததும் வாங்குகிறவர் மனத்தில் ஒரே ஒரு தயாரிப்பாளர் வருகிறாரா?

1977 ஜூன் 28 அன்று, அப்போது கிப்சனை வைத்திருந்த நார்லின் நிறுவனம், ஜப்பானிய ஐபனேஸ் கித்தார்களை அமெரிக்காவில் விற்ற எல்ஜர் நிறுவனத்தின் மீது பிலடெல்பியாவில் வழக்குத் தொடுத்தது. சண்டை உடல் வடிவத்துக்காக அல்ல, நீங்கள் வெட்ட ஆசைப்படும் அதே ஹெட்ஸ்டாக் விளிம்புக்காக. வழக்கு வரும் முன்பே ஐபனேஸ் தலையை மாற்றத் தொடங்கியிருந்தது. 1978 தொடக்கத்தில் சமரசம் ஆயிற்று. 1970களின் ஜப்பானிய நகல் எல்லாவற்றையும் "வழக்குக் காலக் கித்தார்" என்று சொல்லி விலையேற்றி விற்கிறார்களே, அதற்கு ஆதாரம் இந்த ஒரே வழக்குதான். தீர்ப்பு வரை அது போகவே இல்லை. விலை கொடுக்கும் முன் இதை நினைவில் வையுங்கள்.

இன்னொரு அமெரிக்கக் கித்தார் நிறுவனமான ஃபெண்டரின் கதையைப் பாருங்கள். ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்), டெலிகாஸ்டர், பிரசிஷன் பேஸ் ஆகிய தங்கள் மாதிரிகளின் உடல் வடிவங்களைப் பதிவு செய்ய 2003இல் விண்ணப்பித்தார்கள். மற்றத் தயாரிப்பாளர்கள் பலர் ஒன்றுசேர்ந்து எதிர்த்தார்கள். 2009 மார்ச்சில் அமெரிக்க முத்திரை வாரியம் விண்ணப்பத்தை மறுத்துவிட்டது. ஸ்ட்ராட் வடிவம் எந்த அளவுக்குப் பொதுவாகிவிட்டது என்பதற்கு வாரியம் காட்டிய சான்று, ஓர் அகராதியில் "மின் கித்தார்" என்பதற்குப் போட்டிருந்த படமே அந்த வடிவம்தான் என்பது. ஐம்பது ஆண்டு சும்மா இருந்துவிட்டு வந்தால் வேறென்ன கிடைக்கும்? ஆனால் ஃபெண்டர் ஹெட்ஸ்டாக்கின் வடிவம் பதிவு பெற்ற முத்திரை. அதனால்தான் ஸ்ட்ராட் உடலை யார் வேண்டுமானாலும் செய்து விற்கிறார்கள், அந்தத் தலையோடு கழுத்துப் பகுதியை விற்கிறவர்கள் மட்டும் ஃபெண்டரிடம் உரிமம் வாங்குகிறார்கள்.

உங்கள் நண்பர் சொன்னது சரி. அந்த விளிம்பை வெட்டாதீர்கள்.

பதிவு 5 | மரத்தூள்

இரண்டு கேள்விக்கும் தனித்தனியாகப் பதில் சொல்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் தெரிகிறது. மரவேலைக்காரனாக நெடுநாள் மனத்தில் கிடந்ததைச் சொல்கிறேன்.

தலை என்பது கித்தாரின் கையெழுத்து என்று சட்டம் சொல்லிவிட்டது. கையெழுத்தை யாரும் மாற்றிப் போடமாட்டார்கள். விளைவு, டியும் ஜியும் விரிந்து போகும் அந்தத் தலையை உரிமையாளரே திருத்த முடியாத நிலை. மாறாக, நகலெடுக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டவர்கள் புதிதாக வரைய வேண்டியிருந்தது, அவர்கள் நன்றாகவே வரைந்தார்கள். பிஆர்எஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஹெட்ஸ்டாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் மூன்றுக்கு மூன்றுதான். மேலே போகப் போக ஒடுங்குகிறது, கம்பிகள் ஏறத்தாழ நேராகப் போகின்றன, சாய்வும் 10 பாகை அளவில்தான். வளைத்து வாசித்துவிட்டு விட்டால் ஜி தன் இடத்துக்கு வந்து நிற்கிறது.

கிப்சன் இந்தக் குறையை அறியாமல் இல்லை. 2007இல் தானே சுருதி சேர்த்துக்கொள்ளும் ரோபோ கித்தாரைக் கொண்டுவந்தது. 2015இல் பெரும்பாலான மாதிரிகளில் மோட்டார் வைத்த சாவிகளைப் பொருத்தி, நட்டையும் பித்தளையில் மாற்றி, விலையையும் ஏற்றியது. வாங்குகிறவர்கள் ஏற்கவில்லை. அடுத்த ஆண்டே பழைய பாணிச் சாவிகளோடு தனி வரிசை திரும்பி வந்தது. எனக்கு வருத்தம் என்னவென்றால், மோட்டாரால் சுருதியைச் சேர்த்துக் கொடுக்க முடியும், பாட்டின் நடுவில் வளைத்த கம்பியை நட்டிலிருந்து விடுவிக்க முடியாது. நோய் பள்ளத்தில் இருக்க மருந்தைச் சாவியில் தடவினார்கள். நான்கு சாவித் துளைகளைச் சில மில்லிமீட்டர் உள்ளே நகர்த்தியிருந்தால் தீர்ந்திருக்கும். தலையின் உருவம் மாறிவிடும் என்பதற்காக அதை மட்டும் செய்யவில்லை.

பதிவு 6 | பழுதுமேசை

மரத்தூள் ஐயா சொல்வதில் பாதியை ஏற்கிறேன்.

அந்தத் தலையைச் சட்டத்துக்குப் பயந்து மட்டும் மாற்றாமல் இருக்கிறார்கள் என்பதை ஏற்க முடியவில்லை. 1920களில் கிப்சனே சில மாண்டலின்களுக்கு மேலே ஒடுங்கிய தலையைச் செய்தது. அதைப் பாம்புத்தலை என்றே அழைப்பார்கள். கம்பிகள் நேராகப் போகும். 1958இல் வந்த அவர்களின் எக்ஸ்ப்ளோரர் மின் கித்தாரில் ஆறு சாவிகளும் ஒரே பக்கம். நேரான வழி அவர்களுக்குத் தெரியும். கிப்சனின் புகழ்பெற்ற லெஸ் பால் மாதிரியை வாங்க வருகிறவர் அந்தப் புத்தக விளிம்பைத்தான் கேட்கிறார். 2015இல் கோபப்பட்டவர்கள் நீதிபதிகள் அல்லவே, வாசிக்கிறவர்கள்தானே?

நேரான தலைக்கும் ஒரு விலை உண்டு. ஃபெண்டர் தலையில் ஆறு கம்பியும் கோடு போட்டது போல் போகின்றன, ஆனால் அது சாய்வில்லாத தட்டையான தலை. தொலைவிலுள்ள சாவிகளுக்குப் போகும் மெல்லிய கம்பிகள் நட்டில் அழுந்தி உட்காராது. அதற்காக மேலே ஒரு சிறு கொக்கி வைத்து அழுத்துகிறார்கள். அந்தக் கொக்கியிலும் உராய்வு இருக்கிறது. சுருதியை ஏற்றி இறக்கும் டிரெமலோ பிடியை அழுத்தி வாசிக்கிறவர்களிடம் கேளுங்கள், பி கம்பியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள்.

சாய்வைப் பற்றி இன்னொன்று. ஒரே மஹோகனிக் கட்டையிலிருந்து 17 பாகை சாய்வுள்ள தலையை அறுத்தெடுத்தால் அந்த இடத்தில் மர இழைகள் குறுக்கே வெட்டுப்படுகின்றன. அதே இடத்தில், கழுத்துக்குள் ஓடும் எஃகுக் கம்பியின் திருகுக்காகக் குழியும் தோண்டுகிறார்கள். கித்தார் பின்பக்கமாக விழுந்தால் சரியாக அங்கேதான் உடையும். கழுத்தில் கைவைத்தபடி ஒருவர் கடைக்குள் நுழைந்து பெட்டியைத் திறக்காமலே நின்றால் என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்துவிடும். 1970களில் கிப்சன் அந்த இடத்தின் பின்புறம் ஒரு திமில் விட்டுப் பலப்படுத்தியது. பழைய உருவம் போயிற்று என்று வாங்குகிறவர்கள் முணுமுணுத்தார்கள். 1980களின் தொடக்கத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள்.

பதிவு 7 | ஆறாங்கம்பி

முதல் வெற்றி. பென்சில் கரியைத் தேய்த்ததில் பாதி குணம் தெரிந்தது. அரத்தை வைக்கப் பயமாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை செய்கிறேன்.

சட்டவாசகன் ஐயா, பிஆர்எஸ் மீதும் கிப்சன் வழக்குத் தொடுத்ததாகப் படித்தேன். அவர்கள் தலை வேறு என்றால் எதற்கு வழக்கு?

பதிவு 8 | சட்டவாசகன்

நல்ல கேள்வி. அங்கேதான் தலையின் மதிப்பு வெளிச்சத்துக்கு வந்தது.

பிஆர்எஸ் 2000ஆம் ஆண்டில் சிங்கிள்கட் என்ற மாதிரியைக் கொண்டுவந்தது. ஒரு பக்கம் மட்டும் வெட்டுள்ள உடல், லெஸ் பாலுக்கு நெருங்கிய உருவம். கிப்சனிடம் அந்த உடல் வடிவத்துக்கு முத்திரைப் பதிவு இருந்தது. நாஷ்வில் மாவட்ட நீதிமன்றம் கிப்சன் பக்கம் நின்றது. 2004இல் தடை உத்தரவு வந்து பிஆர்எஸ் உற்பத்தியை நிறுத்தியது. மேல்முறையீட்டில் 2005 செப்டம்பரில் ஆறாவது வட்டார நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கியது. 2006இல் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது.

மேல்முறையீட்டில் என்ன நடந்தது? கடையில் நின்று வாங்குகிறவர் குழம்பமாட்டார் என்பதைக் கிப்சனே ஒப்புக்கொண்டிருந்தது. பெயர் தலையில் எழுதியிருக்கிறது, தலையின் உருவமும் வேறு. ஆகவே கிப்சன் வேறு வாதத்தை வைத்தது: புகை மண்டிய மதுக்கூடத்தின் மறுகோடியில் நின்று மேடையைப் பார்க்கிறவர், அங்கே வாசிப்பது கிப்சன் என்று எண்ணிவிடக்கூடும். நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. தொலைவிலிருந்து பார்த்தால் பல பொருள்கள் ஒன்றுபோலத் தெரியும். அதற்காகத் தடை கொடுத்தால் போட்டியே இருக்காது.

பிஆர்எஸ் தலையைத் தனியாக வரைந்திருந்தது இங்கே அதைக் காப்பாற்றியது. அதே தலை கம்பியையும் நேராக விடுகிறது. அந்த அளவில் மரத்தூள் சொல்வது பொருந்துகிறது.

இன்னொரு விதியையும் சேர்த்துச் சொல்கிறேன். பொருள் வேலை செய்வதற்குத் தேவையான வடிவத்தை முத்திரையாக்க முடியாது. அமெரிக்காவிலும் அப்படித்தான், நம் 1999 வர்த்தக முத்திரைச் சட்டத்தின் 9ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. கம்பி நேராகப் போவதற்கென்றே ஒரு தலை இப்படி இருக்கிறது என்று நிறுவிவிட்டால் அது எல்லாருக்கும் பொது. புத்தக விளிம்பு எந்த வேலையும் செய்வதில்லை. அதை மழுங்கடித்தாலும் ஒலியில் மாற்றம் இல்லை. அதனாலேயே அது முத்திரையாக நிற்கிறது. வடிவம் எவ்வளவு பயனற்றதோ அவ்வளவு உறுதியாக அதைச் சொந்தம் கொண்டாடலாம். நல்ல கருவி செய்ய நினைக்கிறவர்களுக்குச் சட்டத்தின் இந்தப் பகுதி உண்மையில் சாதகமானது. விளிம்பு அவர்களுடையதாகவே இருக்கட்டும், சாவிகளை எங்கே வைப்பது என்பது யாருடைய சொத்தும் இல்லை.

பதிவு 9 | மரத்தூள்

இதைத்தான் சொல்ல வந்தேன், எனக்குச் சட்ட மொழி வரவில்லை. பழுதுமேசையின் பாம்புத்தலையையும் ஏற்றுக்கொள்கிறேன். கையெழுத்தாக்கியது சட்டம் மட்டுமல்ல, வாங்குகிறவர்களும்தான்.

ஃபெண்டர் தலையும் வானத்திலிருந்து விழவில்லை. 1948இலேயே கைவினைஞர் பால் பிக்ஸ்பி, இசைக்கலைஞர் மெர்ல் டிராவிஸுக்காகச் செய்த கித்தாரில் ஆறு சாவிகளை ஒரே பக்கம் வைத்திருந்தார். அதற்கும் நூறு ஆண்டு முன்னால் வியன்னாவில் ஸ்டாஃபர் என்ற கித்தார் கைவினைஞர் அப்படிச் செய்தார். அவரிடம் வேலை கற்ற மார்ட்டின்தான் அமெரிக்கா போய்த் தன் ஆரம்பக் கித்தார்களுக்கு அதே சுருள்தலையை வைத்தார். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு வந்த வடிவத்துக்குக் கடைசியாகப் பதிவு செய்தவர் சொந்தக்காரர் ஆகிறார். இதை நினைத்தால் எனக்குக் கசப்பாகத்தான் இருக்கிறது.

பதிவு 10 | வயலின்வழி

2019இல் கிப்சன் ஒரு காணொளி போட்டு மற்றத் தயாரிப்பாளர்களை எச்சரித்ததே, அதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

பதிவு 11 | சட்டவாசகன்

"உண்மையானதை வாசியுங்கள்" என்ற பொருளில் வந்த காணொளி. எதிர்ப்பு வலுத்ததும் நீக்கிவிட்டார்கள். அதே கோடையில்தான் ஐரோப்பிய நீதிமன்றம், கிப்சனின் ஃப்ளையிங் வி என்ற மாதிரியின் உடல் வடிவம் தனித்த அடையாளம் அல்ல என்று சொல்லி அந்த முத்திரை ரத்தானதை உறுதி செய்தது. 1958இல் வந்த வடிவத்துக்கு 2010இல் விண்ணப்பித்திருந்தார்கள். அதற்குள் சந்தை முழுக்க வி வடிவக் கித்தார்கள்.

டீன் கித்தார் நிறுவனத்தாரோடு டெக்சஸில் நடந்த வழக்கு வேறு மாதிரிப் போயிற்று. 2022இல் நடுவர் குழு கிப்சனின் மாதிரிகளான ஃப்ளையிங் வி, எக்ஸ்ப்ளோரர், எஸ்ஜி ஆகியவற்றின் வடிவங்களில் கிப்சனுக்குச் சாதகமாகவும், ஈஎஸ் என்ற மாதிரியின் வடிவம் பொதுச்சொத்து என்றும் சொன்னது. இழப்பீடு வெறும் 4,000 டாலர். 2024இல் ஐந்தாவது வட்டார நீதிமன்றம் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. பல பத்தாண்டுகளாக மற்றவர்களும் அதே வடிவங்களைச் செய்து வந்ததற்கான சான்றுகளை முதல் விசாரணையில் நடுவர் குழுவுக்குக் காட்டவிடாமல் தடுத்தது தவறு என்பதே காரணம். ஒரு வடிவம் ஒருவருக்குச் சொந்தமா என்று கேட்கும்போது அதை வேறு யார் யார் செய்தார்கள் என்று பார்க்காமல் எப்படித் தீர்ப்புச் சொல்வது? எனக்கு அந்த உத்தரவு சரியாகவே படுகிறது.

பதிவு 12 | ஆறாங்கம்பி

ஞாயிறு வேலை முடிந்தது. பழுதுமேசை அண்ணா சொன்னபடி மூலையை வளைவாக்கினேன். பி கம்பிப் பக்கத்துச் சுவரில் அதே வெட்டு, அதே சாம்பல் பொடி. கை நடுங்கியதால் அரை மணி நேரம் ஆயிற்று. கம்பியை மறுபடி பூட்டி, இரண்டு சுரம் வளைத்துப் பத்து முறை வாசித்தேன். மீட்டரின் முள் நடுவிலேயே நிற்கிறது. சத்தமும் இல்லை.

புது ஹெட்ஸ்டாக்கை மீண்டும் வரைந்துவிட்டேன். மேலே ஒடுங்குகிறது, விளிம்பு ஒரு பக்கம் சாய்ந்த நேர்வெட்டு. சாய்வு 12 பாகை. கட்டையை ஒரே துண்டாக அறுக்காமல், சாய்வாக வெட்டி ஒட்டி இழை தலையோடு நேராகப் போகும்படி செய்யப்போகிறேன். நட்டின் ஆறு பள்ளங்களிலிருந்தும் நேர்கோடு இழுத்து, கோட்டின் மேலேயே சாவித் துளைகளைக் குறித்திருக்கிறேன். நாளை துளையிடலாமா?

பதிவு 13 | பழுதுமேசை

நாளை வேண்டாம் தம்பி, ஒரு நாள் பொறுங்கள். கோட்டின் மேலேயே துளை என்றால் தவறு. கம்பி சாவித் தண்டின் நடுவில் அல்ல, அதன் உட்புறத்தில் சுற்றுகிறது. தண்டு 6 மில்லிமீட்டர் என்றால் துளையின் மையம் கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். வாங்கி வைத்திருக்கும் சாவியை அளந்துவிட்டு, ஆறு துளைகளையும் வெளிப்பக்கமாக நகர்த்திக் குறியுங்கள். பிறகு ஒரு அட்டையில் துளையிட்டு, ஆணி செருகி, நூல் கட்டிப் பாருங்கள். நூல் பள்ளத்தின் எந்தச் சுவரையும் தொடாமல் போனால் அடுத்த நாள் மரத்தில் துளையிடுங்கள்.